பகல் தூக்கம்

குச்சிச் சட்டைகளைத் துவைப்பது பாக்யலட்சுமியின் வேலை இல்லை. அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆயா இருந்தாள். இருந்தும் அந்தத் திங்கட்கிழமை, மருந்துக் கவுன்டர் திறப்பதற்கு முன்பே பின்கட்டுக் குழாயடியில் குந்திக்கொண்டு, சட்டை சட்டையாக எடுத்து உள்ளே செருகியிருந்த ஐஸ் குச்சிகளை உருவிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் கும்மிக்கொண்டிருந்தாள்.

சட்டை என்று பெயர்தான். இரண்டு முனையும் திறந்த கைக்குழாய் அது, பழைய வேட்டித் துணியில் தைத்தது. தோளுக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டுக்கு மேலே முடியும். நீளவாக்கில் சின்னச் சின்னப் பட்டிகள். பட்டிக்கு ஒரு தட்டைக் குச்சி. மாட்டிவிட்டால் பிள்ளையால் முழங்கையை மடக்க முடியாது. முழங்கை மடங்காவிட்டால் விரல் கண்ணுக்குப் போகாது. இமை ஆபரேஷன் ஆன பிள்ளைகள் தையலைக் கசக்கிப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க அவளே யோசித்துத் தைத்தது. ஜோடிக்கு ஒரு நிறத்தில் கரை வைத்திருந்தாள், எது யாரிடம் போயிருக்கிறது என்று தெரிவதற்காக.

கொடியில் ஐந்து ஜோடி காய்ந்தது. ஆறாவது, பச்சைக் கரை, வார்டில் ஒரு பிள்ளையின் கையில். ஏழாவது, மஞ்சள் கரை போட்டது, வரவில்லை.

"வாட்ச்மேன் நானு. சுத்திச் சுத்தி வர்றது நீங்க," என்றான் பாவாடை, கேட்டைத் திறந்துகொண்டே. "ஒரு நாளாச்சும் உக்காந்து டீ குடிச்சிருக்கீங்களாக்கா?"

"குந்திதானே இருக்கேன்."

"அது குந்தறதா? துணி அடிவாங்குது பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் கரை யாருடையது என்று அவளுக்கு நோட்டுப் பார்க்காமலே தெரியும். பாடாலூர்ப் பக்கத்துச் சிந்தாமணியின் பெண், கொளஞ்சி. நாலரை வயது. ஒரு மாதத்துக்கு முன் இடது கண் இமையைத் தூக்கிக் கட்டியது. தையல் பிரிக்க வந்தார்கள். அதற்குப் பிறகு போன திங்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வராதவர்கள் எத்தனையோ பேர். எல்லோருக்காகவும் அவள் இப்படித் துணியைப் போட்டு அடித்ததில்லை. ஆனால் சிந்தாமணி சொன்னால் கேட்கிறவள். கேட்கிறவள் வராவிட்டால்தான் பயம்.

பாக்யலட்சுமி பிறந்தது செந்துறைக்குப் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் அடுத்த ஊர்க் கொல்லைக்காட்டில் கூலி. பகலில் அந்த வீட்டில் யாரும் முதுகைத் தரையில் சாய்த்ததில்லை. "பகல்ல படுத்தா மூதேவி வந்து பக்கத்துல படுத்துக்குவா" என்பாள் அவள் அம்மா. காய்ச்சல் கண்டால்கூடச் சுவரில் சாய்ந்து உட்காருவதுதான். பத்தொன்பது வயதில் வீரமுத்துவைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்தாள். அவர் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து எழுத்து எழுதுகிறவர். சாவகாசமான மனிதர். ஒரு 'ஹாரன் அடிக்கவும்' எழுத அரை நாள் எடுத்துக்கொள்வார். மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் குறட்டை. அந்த அரை மணியில் அவள் பாத்திரம் தேய்த்து, மாவு ஆட்டி, அடுத்த வீட்டுக்காரியின் ரேஷனையும் வாங்கி வைத்திருப்பாள். "ஒனக்கு எலும்புக்குப் பதிலா சக்கரத்த வச்சுப் படைச்சிட்டான்" என்று அவர் சொல்வது வழக்கம். ஒரே பையன், நாமக்கல்லில் பாலிடெக்னிக்.

தொண்ணூற்றாறில் துறையூர் ரோட்டில் இருந்த அந்தப் பத்துப் படுக்கைக் கண் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை திருச்சியிலிருந்து பெரிய டாக்டர் வந்து, இமை தொங்கிப் பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைகளை ஊரில் தூங்குமூஞ்சி என்பார்கள். இமை கண்ணின் பாப்பாவை மறைப்பதால் மோவாயைத் தூக்கி, மோட்டுவளையைப் பார்ப்பதுபோலத்தான் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். ஆபரேஷன் ஆனதும் கண் திறந்துவிடும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கிக் கட்டிய இமை பல மாதத்துக்கு முழுசாக மூடாது. பிள்ளை தூங்கும்போதும் கீழே ஒரு கீற்று திறந்தே கிடக்கும். காற்றுப் பட்டால் கருவிழி காயும். காய்ந்தால் புண். புண் ஆறினால் தழும்பு, பார்வைக்குக் குறுக்கே. அதனால் களிம்பு போட்டு, இமையை மூடி, மேலே பிளாஸ்திரி வைத்து ஒட்டித்தான் தூங்க விட வேண்டும்.

இதையெல்லாம் அச்சடித்த தாள் ஒன்றைப் பார்த்து நர்ஸ் வாசிப்பாள். தாய்மார்கள் தலையை ஆட்டுவார்கள். ஊருக்குப் போய் விளக்கெண்ணெய் விட்டு, மை தீட்டி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் கேட்டுப் பீய்ச்சி, கண்ணைச் சிவக்கவைத்துக் கொண்டுவருவார்கள். "யார் விடச் சொன்னது?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் ராசாங்கம் கத்தினால் சுவரைப் பார்ப்பார்கள். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருக்கும் பாக்யலட்சுமியிடம் மட்டும் உண்மையைச் சொல்வார்கள். ஒரு நாள் டாக்டர் அவளிடம் தாளை நீட்டினார். "இனிமே நீங்களே சொல்லுங்கம்மா. எங்க பேச்சு அவங்க காதுல ஏறல."

அன்றிலிருந்து ஏழு வருஷம். துடைப்பம் போய், ஒரு ஸ்டூலும் பெஞ்சும் அவளுக்கென்று வந்தன. வீரமுத்து ஒரு தகரத்தில் பெரிய கண் ஒன்றை வரைந்து கொடுத்தார், பாதி மூடிய கண். லாரிக்குப் பின்னால் திருஷ்டிக்கு எழுதுகிற கண்போல அது முறைக்கும். ஆனால் அவளுடைய உண்மையான பாடம் தகரத்தில் இல்லை. ஒவ்வொரு தாயும் ஊருக்குக் கிளம்புமுன் பாக்யலட்சுமியின் கண்ணிலேயே களிம்பு போட்டுக் காட்ட வேண்டும். பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "போடு" என்பாள். கை நடுங்கினால் மறுபடி. ட்யூப் முனை கண்ணில் பட்டால் மறுபடி. நாலு தாய்மார்கள் கிளம்பும் நாளில் நாலு தடவை களிம்பு ஏறி, சாயங்காலம் துறையூர் ரோட்டில் வருகிற லாரி எல்லாம் அவளுக்குப் பனியில் வருவதுபோலத் தெரியும்.

பகலில் அவள் படுக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அன்று திங்கட்கிழமைப் பாடத்துக்கு ஒருத்திதான். லப்பைக்குடிகாட்டு ஜுலைகா. மகன் சஃப்வானுக்கு மூன்று வயது, சனிக்கிழமை ஆபரேஷன் ஆகியிருந்தது. பச்சைக் கரை குச்சிச் சட்டையில் இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"எண்ணெ கூடாது, மை கூடாது, தாய்ப்பால் கூடாது," என்று தொடங்கினாள் பாக்யலட்சுமி.

"சுருமா?"

"அதுவுந்தான்."

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இவன் கண்ணுல ஒரு இழுப்பு இழுத்துக்கறேனே? இவன் அத்தா துபாய்லேருந்து அனுப்புனதுக்கா. ஒரிஜினல்."

"துபாய்லேருந்து வந்தா கண்ணுக்குத் தெரியுமா, விசா காட்டுமா?"

ஜுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, களிம்பு ட்யூபை வாங்கிப் பாக்யலட்சுமியின் கண்ணில் போட்டாள். முதல் தடவையே நன்றாக வந்தது.

"கை வந்துருச்சு. ராத்திரி படுக்கையில இதே மாதிரி போட்டு, பிளாஸ்திரி ஒட்டிட்டுத் தூங்க விடுங்க. ஒரு ராத்திரி தவறக் கூடாது. கண்ணு செவந்தாலோ, தண்ணி வந்தாலோ, அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்துடணும்."

"மத்தியானத்துக்கு?"

"என்ன மத்தியானத்துக்கு?"

"இவன் லுஹருக்குப் பாங்கு சொன்னா சாப்புட்டுட்டு விழுந்தான்னா அசர் பாங்குக்குத்தான் எந்திரிப்பான். ரெண்டு ரெண்டரை மணி நேரம். அப்பவும் கண்ணு தொறந்துதானேக்கா கெடக்கும்? அப்பவும் போடணுமா, வேணாமா?"

பாக்யலட்சுமி பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஒரு கண்ணில் களிம்பு. அந்தப் பக்கம் ஜுலைகாவின் முகம் கரைந்து தெரிந்தது.

"போடணும்," என்றாள். "அப்பவும் போடணும்."

சொல்லிவிட்டு மேசைக்குப் போய், ஏழு வருஷமாகப் பிரிக்காத அந்த அச்சுத்தாளைத் தேடினாள். தகரக் கண்ணுக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். 'குழந்தை உறங்கும் போதெல்லாம்' என்று இருந்தது. ராத்திரி என்று அதில் எங்கேயும் இல்லை. அது அவள் போட்ட சொல். புரியும்படி சொல்வதாக நினைத்துப் போட்டது. தூக்கம் என்றால் ராத்திரிதானே. பகலில் படுப்பதை அவள் என்றைக்குத் தூக்கம் என்று நினைத்தாள்?

இத்தனை பிள்ளைகளில் முக்கால்வாசி பள்ளிக்கூடம் போகிற வயசு. பகலில் தூங்காது. மிச்சம் இருந்ததுகள் எப்படியோ தப்பித்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. கொளஞ்சிக்கு நாலரை வயது. சிந்தாமணி கூலிக்குப் போகிறவள். பிள்ளையையும் காட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவாள்.

ஜுலைகாவை அப்படியே விட்டுவிட்டு நோட்டைப் புரட்டினாள். சிந்தாமணியின் பெயருக்கு எதிரில் ஒரு போன் நம்பர். பாடாலூரில் மெயின் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த செல்லப்பனுடையது. ஆபீஸ் போனில் கூப்பிட்டாள்.

"சிந்தாமணியா? அது இந்நேரம் வெங்காயம் அறுக்கப் போயிருக்குங்க," என்றார் செல்லப்பன். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. "மேக்கால ஒரே காட்டுலதான் பத்து நாளா வேல. சொல்லணுமா ஏதாச்சும்?"

"புள்ள எப்படியிருக்கு? கண்ண பாத்தீங்களா?"

"புள்ளைக்கென்ன? நேத்துக்கூட வந்து பன்னு வாங்கித் தின்னுச்சு. கண்ணுல தண்ணி வருது. வெங்காயக் காட்டுல யாருக்குத்தான் தண்ணி வராது? எனக்கே வருது."

அவள் போனை வைத்தாள். பையை எடுத்தாள். பாவாடை கேட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றாள். "பாடாலூர் இன்னும் அரை மணி நேரம்மா, ஒக்காருங்க," என்றார் கண்டக்டர். ஒரு சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் களிம்பு போட்ட கண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்து, அதையும் சிவக்கவைத்துக்கொண்டாள்.

பாடாலூரில் இறங்கி மேற்கே இரண்டு மைல். சின்ன வெங்காயம் பிடுங்குகிற பருவம். வண்டிப்பாதையில் போகப் போகக் காற்றிலேயே காரம் வந்தது. ஒரு கருவேல மரத்துக்குக் கீழே பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிக் குவித்த வெங்காயத்தின் தாளை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் ஒழுகியது. அழுதுகொண்டே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருடியது, வேகமா வருது? லோன் ஆபீசரா?" என்றாள் நடுவில் இருந்த பெரியவள். பாப்பாயி என்று பெயர். அவள்தான் ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவள். "யாரு வாங்கிட்டுக் கட்டலையோ, ஓடிருங்கடி."

"ஐயோ, ஆஸ்பத்திரி அக்கா," என்று சிந்தாமணி கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஒல்லியான பெண், இருபத்துநாலு வயது இருக்கும். "என்னங்கக்கா நீங்களே வந்துட்டீங்க? போன திங்கக்கெழமையே வரணும், தெரியும். காடு முடிஞ்சிரட்டும், வெசாழக்கெழமை வந்துரலாம்னு இருந்தேன். சட்டைய நல்லா தொவச்சு வச்சுருக்கேன், காணாப் போவல."

"கொளஞ்சி எங்க?"

"அதோ, தூங்குறா."

மரத்தின் மறுபக்கம் சாக்கு விரித்து, கொளஞ்சி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேற்குக் காற்று மண்ணை வாரிக்கொண்டு நேராக அவள்மேல் அடித்தது. இரண்டு கையிலும் மஞ்சள் கரைச் சட்டை, குச்சி ஒன்றுகூட உடையாமல். தலையில் எண்ணெய் இல்லை. கண்ணில் மை இல்லை. இன்னும் ஆபரேஷன் ஆகாத வலது இமை பழையபடி மூடிக்கிடந்தது. இடது கண் பாதி திறந்து, கீழ்வெள்ளை சிவந்து, தண்ணீர் காதுவரை வழிந்து காய்ந்து கோடாகியிருந்தது. பாக்யலட்சுமி முட்டிபோட்டு இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருவிழியின் கீழ்ப்பக்கம், பாப்பாவுக்குச் சற்று வெளியே, ஒரு சாம்பல் புள்ளி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.

"எத்தன நாளாத் தண்ணி வருது?"

"அஞ்சாறு நாளா. இங்க எல்லாருக்குந்தான் வருது, பாருங்களேன். பாப்பாயி அக்காளுக்கு மூக்குலயே வருது."

வட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"களிம்பு?"

"ஒரு ராத்திரி விடலக்கா." சிந்தாமணி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "சாமி சத்தியமா. எங்க வூட்டுக்காரரு விளக்கப் புடிச்சுக்குவாரு, நான் போடுவேன். பிளாஸ்திரி ஒட்டி, அது தூங்குன பெறவுதான் நான் சோறே திம்பேன். நீங்க சொன்னாப்லயேதான்."

பாக்யலட்சுமி பையிலிருந்து ட்யூபை எடுத்தாள். ட்யூபின் முனை இமையில் பட்டது. மறுபடி போட்டாள்.

"கெளம்பு," என்றாள். "இப்பவே."

"பொழுதுக்கும் ஆயிருங்களா? அரை நாள் கூலி..."

"சிந்தாமணி, கெளம்புன்னேன்."

"போடி, ஒன் குவியல நான் அறுத்துக்கறேன்," என்றாள் பாப்பாயி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் ராசாங்கம் டாக்டர் கொளஞ்சியின் கண்ணில் ஆரஞ்சுச் சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். புள்ளி பச்சையாக மின்னியது. எழுந்து கை கழுவிக்கொண்டே தொடங்கினார்.

"நீ பெத்தவதானா? இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும். இங்கேருந்து ஒவ்வொருத்தியையும் உக்காரவச்சு, கையப் புடிச்சுச் சொல்லிக்குடுத்து அனுப்புறோம். கண்ணு தொறந்தே கெடக்கும், மருந்து போடாம தூங்க விடாதன்னு. காட்டுல கொண்டுபோய்ப் போட்டு, புழுதியில தூங்க வச்சிருக்க. சொல்ற பேச்சை எவ கேக்குறீங்க?"

சிந்தாமணி வாயைத் திறந்தாள். திரும்பிப் பாக்யலட்சுமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை. நீங்களே சொல்லுங்களேன் என்பதுபோல.

பாக்யலட்சுமி சொல்ல வந்தாள். டாக்டரின் மேசைமேல் அவள் பெயர் போட்ட வருகை நோட்டுக் கிடந்தது. துடைப்பத்தோடு அந்த அறைக்குள் வந்துபோன வருஷங்கள் நினைவுக்கு வந்தன. சுவரில் வீரமுத்துவின் தகரக் கண்ணின் நகல் ஒன்று தொங்கியது. டாக்டர் கேட்டு வாங்கி மாட்டியது.

"கட்டுத் துணி எடுத்தாறேன் சார்," என்று வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் முடித்திருந்தார். சிந்தாமணி தலையைக் குனிந்து, கொளஞ்சியின் கையிலிருந்து சட்டையைக் கழற்றி, மடித்து, மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் பாக்யலட்சுமியைப் பார்க்கவில்லை.

பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. வியாழக்கிழமை பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

செவ்வாய் முழுக்கப் பாக்யலட்சுமி வராந்தாவில் நடந்தாள். மருந்து நேரத்தில் வார்டுக்குள் எட்டிப் பார்ப்பாள், சிந்தாமணி போட்டுக்கொண்டிருப்பாள், திரும்பிவிடுவாள். கவுன்டரில் இருக்கிற பாட்டில்களைக் காரணமில்லாமல் வரிசை மாற்றி வைத்தாள். பாவாடை டீ வாங்கிக் கொடுத்தான். பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை எங்கேயோ வைத்துவிட்டாள். ஏழு வருஷத்து நோட்டை எடுத்து, பள்ளிக்கூடம் போகாத வயசுப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே புள்ளி வைத்தாள். இருபத்துமூன்று வந்தது. அதில் எத்தனை பேர் தண்ணீர் வழியும் கண்ணோடு, எந்தக் காட்டில், எந்தச் சாக்கின்மேல்? ஆளுக்கு ஒரு தபால் கார்டு எழுதத் தொடங்கினாள். 'பகலில் தூங்கினாலும் களிம்பு போடவும்.' ஒன்பதாவது கார்டில் கை கடுத்தது. நிறுத்தவில்லை.

புதன்கிழமை அவளுக்கு வார லீவு. மத்தியானம் சாப்பாடு முடிந்து, வீரமுத்து பாய் விரித்துக் குறட்டைக்குத் தயாரானபோது, அவளும் இன்னொரு பாயை எடுத்துப் பக்கத்தில் போட்டுப் படுத்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காய்ச்சலா? ஆட்டோ கூப்புடவா?"

"சும்மா படுங்க."

அவர் படுத்தார். ஆனால் குறட்டை விடவில்லை. அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கட்டமாக விழுந்து, மெல்ல அவள் கால்பக்கம் நகர்ந்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. இந்த வெளிச்சத்திலா பிள்ளைகள் தூங்குகின்றன, ரெண்டு ரெண்டரை மணி நேரம்?

"டாக்டரு சிந்தாமணியத் திட்டுனாரு," என்றாள் திடீரென்று. "நான் சொல்லிக்குடுத்ததுல தப்பு. அது கேட்டபடிதான் செஞ்சுருக்கு."

"நீ சொன்னியா அவருக்கிட்ட?"

"இல்ல."

"எழுத்துல பிழையிருந்தா, காயறதுக்குள்ள தொடச்சிடணும்," என்றார். "காஞ்சா சுரண்டத்தான் வேணும்." திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் எழுந்து பாயைச் சுருட்டினாள். கால் மணிகூட ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர் மறுபடி சாயம் போட்டுப் பார்த்தார். புண் சுருங்கியிருந்தது. பார்வை பிழைத்தது. ஆனால் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கும் என்றார். பாப்பாவை ஒட்டினாற்போல, மறைக்காமல். வெளிச்சத்தில் கொஞ்சம் கூசும். கிட்டப் போனால் மற்றவர்களுக்குத் தெரியும். வலது கண் இமை இன்னும் தொங்கத்தான் செய்கிறது. ஆனி மாசம் அதையும் தூக்கிவிடலாம். "அப்பவாச்சும் ஒழுங்காப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார் பாக்யலட்சுமியிடம்.

அவள் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் பாத்துச்சு. நான்தான் ராத்திரி மட்டும்னு சொல்லிக்குடுத்தேன். தாள்ல தூங்கும்போதெல்லாம்னு இருக்கு. ஏழு வருசமா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

ராசாங்கம் டாக்டர் பேனாவை மூடினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே பேஷண்ட்கள் வரிசை சலசலத்தது.

"சரி. இனிமே சேத்துச் சொல்லிடுங்க," என்றார். "அடுத்த ஆளை வரச்சொல்லுங்க."

அவ்வளவுதான். வேலை போகும் என்று நினைத்திருந்தாள். ஒரு திட்டாவது விழும் என்று நினைத்திருந்தாள். மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தது இத்தனை மலிவாகப் போனதில் அவளுக்கு ஆத்திரமே வந்தது. டாக்டர் சிந்தாமணியைத் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது அவருக்கு ஞாபகம்கூட இருக்காது.

மத்தியானம் வார்டுக்குப் போனாள். மற்ற கட்டில்கள் காலி. கொளஞ்சி சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்துக்குச் சொக்கிக்கொண்டிருந்தாள். சிந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ட்யூபைத் திறந்து, கீழிமையை விரலால் இறக்கி, முனை படாமல் ஒரு கோடு போட்டாள். இமையை மூடி, பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவினாள். பாக்யலட்சுமி சொல்லிக்கொடுத்தவர்களில் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை.

"டாக்டருக்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் பாக்யலட்சுமி. "தப்பு என்னுதுதான்னு. பகல்லயும் போடணும்னு நான் ஒனக்குச் சொல்லல. அன்னைக்கு அவரு திட்டுனப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். பயந்துட்டேன்."

சிந்தாமணி ட்யூபின் மூடியைத் திருகினாள்.

"தழும்பு நிக்கும்னாரு. பார்வைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நிக்கும்."

"சொன்னாங்க," என்றாள் சிந்தாமணி. குரலில் ஒன்றும் இல்லை. கொளஞ்சியின் முகத்தில் உட்கார வந்த ஈயை முந்தானையால் ஓட்டினாள். ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"அந்தக் கண்ணுக்கு ஆனி மாசம் தேதி போட்டிருக்கு. நானே கூட இருந்து பாத்துக்கறேன். தெனம் பாடாலூருக்கு வந்துகூட..." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டிட்டு வருவியா?"

சிந்தாமணி பிள்ளையின் வலது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொங்கிய இமை தானாக, முழுசாக, கீழ்வரை மூடியிருந்தது. அந்தக் கண் நன்றாகத் தூங்கியது.

பாக்யலட்சுமி நின்றாள். வழக்கமாக அவளால் ஓரிடத்தில் இவ்வளவு நேரம் நிற்க முடியாது. கட்டில் கம்பியில் மஞ்சள் கரைச் சட்டைகள் இரண்டும் தொங்கின. அவற்றை எடுக்கக் கை நீட்டினாள், துவைத்துத்தான் இருந்தது. குச்சிகளை உருவி, துணியை மறுபடி அலசி, தனியே காயவைத்து, திரும்பவும் செருகி வைத்திருந்தாள் சிந்தாமணி. பாக்யலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள்.

கொளஞ்சியின் மூச்சு சீரானது. சிந்தாமணி அவள் காலருகே தலை வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாக்யலட்சுமி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, சத்தம் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வார்டை விட்டு வெளியே போனாள்.